லண்டன் ஹோட்டல் பாரில் ஒரு டேட்: முதல்முறை போகிறவர்களுக்கு

"ஹோட்டல் பாருக்குப் போகலாமா?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். ஹோட்டல் என்றதும் நமக்கு சாம்பார் வாளி ஞாபகம் வரும். பார் என்றால் டாஸ்மாக் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, பிளாஸ்டிக் டம்ளர் காலில் இடறும் இடம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ரூம் போடத்தான் கூப்பிடுகிறானோ என்றுகூட எதிராளிக்குத் தோன்றலாம். அதனால் முதல் வேலை, போகும் இடத்தின் பெயரையும் இணைப்பையும் முன்கூட்டியே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவது. "பியானோ வாசிப்பாங்க, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

லண்டனின் பழைய பெரிய ஹோட்டல்களில் இருக்கும் காக்டெயில் பார்கள் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும் என்று நினைத்து, இரண்டு வருடம் வாசலையே பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அப்படி எதுவும் இல்லை. தொப்பி போட்ட டோர்மேன் கதவைத் திறந்துவிடுவார், "குட் ஈவ்னிங்" சொல்வார், அவ்வளவுதான். யாரையும் பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பார் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்கலாம்.

ஒரு காக்டெயில் 20 முதல் 30 பவுண்ட் வரை ஆகும். அதில் சரக்கின் விலை கொஞ்சம்தான். மீதியை நாற்காலி வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நகர மையத்தில் எந்த பப்புக்குப் போனாலும் நடைபாதையில் நின்றுகொண்டு, ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருக்கும். இங்கே நல்ல நாற்காலி, மங்கலான வெளிச்சம், குரலை உயர்த்தாமல் பேசும் வசதி. ஆளுக்கு ஒரு கிளாஸ், ஒன்றரை மணி நேரம். இதைத்தான் வாங்குகிறீர்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த பார்?

பட்டியல்களில் நூறு பெயர் வரும். எனக்குத் தெரிந்து நாலே நாலு போதும். நாலும் நாலு விதம்.

முதல் டேட் என்றால் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பார். ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கிறது. எம்பாங்க்மென்ட், சேரிங் கிராஸ் இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் நடந்துவிடலாம். இதைச் சொல்வதற்குக் காரணம், பேச்சு நின்றுபோனால் எடுத்து விடுவதற்கு அந்த இடத்திலேயே கதைகள் கிடக்கின்றன. ஹோட்டல் 1889இல் திறந்தது. ஐஸ் போட்டுக் கலக்கும் அமெரிக்க பாணி பானங்கள் கிடைக்கும் இடத்துக்கு ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் 'அமெரிக்கன் பார்' என்றுதான் பெயர். இங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை பார்டெண்டராக இருந்தவர் ஒரு பெண், ஏடா கோல்மன். சார்லஸ் ஹாட்ரி என்ற நடிகர் களைத்துப்போய் வந்து, சுள்ளென்று ஏதாவது கொடு என்று கேட்க, அவருக்காக ஏடா கலந்தது 'ஹாங்கி பாங்கி'. ஜின், இனிப்பு வெர்மூத் (மூலிகை ஊறிய ஒயின்), அதோடு ஃபெர்னெட் பிராங்கா என்ற இத்தாலியக் கசப்பு மதுவில் சில சொட்டு. அந்த ஃபெர்னெட்டை மட்டும் முகர்ந்தால் நிலவேம்புக் கஷாயம் வைத்த சமையலறை மாதிரி இருக்கும். ஆனால் கலவையில் அது வேறு ஆளாகிவிடுகிறது. ஏடாவுக்குப் பிறகு வந்த ஹாரி கிராடாக், அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் கப்பலேறி லண்டன் வந்தவர். 1930இல் அவர் தொகுத்த சவாய் காக்டெயில் புத்தகத்தை பார்டெண்டர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இன்னொன்று: சவாய் வாசலுக்குள் திரும்பும் அந்தச் சின்னச் சந்தில் மட்டும் வண்டிகள் சாலையின் வலதுபக்கம் போகும். இடதுபுறம் ஓட்டும் நாட்டில் இது வேடிக்கை. உள்ளே போவதற்கு முன்னாலேயே பேச ஒரு விஷயம் கிடைத்துவிடுகிறது.

ஏற்கெனவே நாலைந்து முறை சந்தித்தவர்கள் என்றால் மேஃபேரில் உள்ள கனாட் பார். அங்கே மார்டினி (ஜின்னோடு கொஞ்சம் வெர்மூத் சேர்த்த காக்டெயில்) கேட்டால் ஒரு தள்ளுவண்டி உங்கள் மேசைக்கே வரும். நம்மூர் தள்ளுவண்டி இல்லை, பளபளவென்ற கறுப்பு வண்டி. அதிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக முகரக் கொடுப்பார்கள்: லாவெண்டர், கொத்தமல்லி விதை, ஏலக்காய் என்று. உங்களுக்குப் பிடித்த வாசனையைச் சொன்னால் அதிலிருந்து சில சொட்டுகளைக் கிளாஸில் விட்டு, கையை உயர்த்தி மெல்லிய நூலாக மார்டினியை ஊற்றுவார்கள். டீக்கடைக்காரர் ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உயரம் பெரிய வித்தை இல்லைதான். ஆனாலும் மேசை அமைதியாகிவிடும். ஏலக்காய்க் குப்பியை மூக்கருகே கொண்டுபோனதும் என்னோடு வந்தவர் "பாயசம்" என்றார். பிறகு அரை மணி நேரம் அவர் பாட்டி வீட்டுக் கதைதான். ஹோட்டல் வாசலுக்கு எதிரில் இருக்கும் நீர்த்தடாகத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ அந்தோ வடிவமைத்தது. கால் மணிக்கு ஒருமுறை அதிலிருந்து பனிமூட்டம் மாதிரி எழும்பி மரத்தடியை மறைத்துவிட்டு அடங்கும். பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. உலகின் சிறந்த 50 பார்கள் பட்டியலில் 2020, 2021 இரண்டு ஆண்டும் முதலிடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

கிரீன் பார்க் ஸ்டேஷனுக்கு அருகே, செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் முட்டுச்சந்து ஒன்றில் ஒளிந்திருக்கிறது டியூக்ஸ் ஹோட்டலின் பார். சின்ன இடம், பழைய வீட்டின் வரவேற்பறை போல. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங் வந்துபோன இடம் என்பது இதன் பெருமை. இங்கே மார்டினியைக் கலக்குவதும் இல்லை, குலுக்குவதும் இல்லை. உறைகுளிரில் வைத்த கிளாஸில் கொஞ்சம் வெர்மூத் காட்டி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜின்னை அப்படியே ஊற்றி, எலுமிச்சைத் தோலைப் பிழிந்து போடுவார்கள். குடிக்க வழவழவென்று எளிதாக இருக்கும். ஆபத்து அதில்தான். மற்ற இடங்களில் ஐஸோடு கலக்கும்போது உருகும் தண்ணீர் சேரும். இங்கே அது கிடையாது. பிரிட்டனில் ஒற்றை அளவு என்பது பெரும்பாலும் 25 மில்லி. இந்தக் கிளாஸில் அதைப்போல ஐந்து மடங்கு வரை இருக்கும். நம்மூர்க் கணக்கில் குவாட்டர் 180 மில்லி. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே கிளாஸில், தண்ணீர் கலக்காமல். ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டார்கள். முதல் டேட்டுக்கு இந்த இடம் வேண்டாம் என்பது என் கட்சி. பழகியவர்களோடு போய், ஒன்றோடு எழுந்துவிடுங்கள்.

நாலாவது, ஹோபர்னில் ரோஸ்வுட் ஹோட்டலில் உள்ள ஸ்கார்ஃப்ஸ் பார். கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் பெயரில் அமைந்தது; சுவரெல்லாம் அவர் வரைந்த அரசியல்வாதிகளும் நடிகர்களும். ஜாஸ் நேரலையாக இருக்கும், கணப்பு எரியும், நாற்காலிகள் பெரியவை. நாலில் இது கலகலப்பானது. பேசிக்கொண்டே இருக்கக் கூச்சப்படுபவர்களுக்கு இதுவே நல்லது.

நாளும் நேரமும்

செவ்வாய் அல்லது புதன், மாலை ஐந்தரை. வெள்ளி, சனி இரவு எட்டு மணிக்குப் போனால் நீங்கள் வாங்க வந்த அமைதி அங்கே இருக்காது. சில பார்களில் மேசை பதிவு செய்யலாம், சிலவற்றில் வந்து நிற்பவர்களுக்குத்தான் இடம். இது அவ்வப்போது மாறுவதால் போகிற வாரம் ஹோட்டலின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தால் எவ்வளவு நேரத்துக்கு மேசை என்பதையும் கவனியுங்கள். இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் அதற்குமேல் நைசாக எழுப்பிவிடுவார்கள். பதிவு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். திறந்த அரை மணிக்குள் போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். பத்து நிமிடம் முன்னால் நீங்கள் போய்விடுங்கள். அந்தப் பெரிய லாபியில் அவரைத் தனியாக நிற்க வைக்காதீர்கள்.

என்ன உடுத்துவது?

கோட்டு, டை தேவையில்லை. காலர் வைத்த சட்டை, நல்ல பேண்ட், தோல் ஷூ. பெண்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் கைத்தறிப் புடவையில் வந்த ஒரு தோழிக்கு அந்த அறையிலேயே நல்ல மேசை கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். கூடாதவை: ஷார்ட்ஸ், விளையாட்டு உடை, தொப்பி, ஓடுவதற்கான டிரெயினர்ஸ். ஒருமுறை ஆபீஸிலிருந்து நேராக டிரெயினர்ஸோடு போய், ஒரு பாரின் வாசலில் மிக மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டேன். அவர்கள் மன்னிப்புக் கேட்ட விதத்தில் எனக்கே பாவமாக இருந்தது. அன்றைக்கு டேட், ஸ்டேஷன் வாசலில் காபி.

அப்புறம், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாலு இட்லியாவது உள்ளே இருக்கட்டும். மேசையில் ஆலிவ், வறுத்த பருப்பு வகை, சிப்ஸ் என்று காசில்லாமல் வைப்பார்கள். சைட் டிஷ் உபயம் என்று சந்தோஷப்படலாம், ஆனால் அது கொறிக்கத்தான் காணும்.

உள்ளே போனதும்

காலி மேசையைப் பார்த்து நேராகப் போய் உட்காராதீர்கள். வாசலருகே நின்றால் ஒருவர் வந்து அழைத்துப் போவார். குளிர்கால கோட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கொடுத்துவிடலாம். இங்கே 18 வயதானால் குடிக்கலாம். ஆனால் 25க்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பது வழக்கம். பாஸ்போர்ட் அல்லது பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். "உங்களுக்கு முப்பதா? தெரியவே இல்லையே" என்று வாங்கிப் பார்த்தால் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எதிரெதிரே உட்காரும் மேசையை விட மூலையில் அடுத்தடுத்து உட்காரும் இடத்தைக் கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் நேர்காணல் மாதிரி ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் இருவரும் அறையைப் பார்க்கலாம், பேசாமல் இருக்கும் நிமிடங்களும் உறுத்தாது.

பணியாளரைக் கைதட்டியோ "பாஸ்" என்றோ கூப்பிட வேண்டாம். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் வந்துவிடுவார்கள். அவர்கள் வேலையே அதுதான்.

மெனுவைப் பிரித்ததும் வரும் பயம்

மெனு ஒரு சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பானத்துக்கும் கவிதைப் பெயர், கீழே கேள்விப்படாத ஆறு பொருள்கள். பயப்பட வேண்டாம். உலகத்தில் உள்ள காக்டெயில்களில் பெரும்பகுதியை மூன்று கூடைக்குள் போட்டுவிடலாம்.

ஒன்று, புளிப்பு வகை: மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. டாக்கிரி, விஸ்கி சவர், ஒயிட் லேடி எல்லாம் இதில் அடக்கம். எலுமிச்சை ஜூஸ் பிடித்தவருக்கு இது பிடிக்கும். முதல்முறை குடிப்பவருக்குப் பாதுகாப்பான வாசல். இரண்டு, நெட்டு வகை: ஜூஸோ சோடாவோ சேராமல், பெரும்பாலும் மதுவோடு மது கலந்தது. மார்டினி, மன்ஹாட்டன், ஓல்ட் ஃபேஷன்ட், நெக்ரோனி. கிளாஸ் சின்னது, காரம், அதாவது மதுவின் வீரியம், பெரியது. நெக்ரோனி என்பது ஜின், கம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு மது, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. பாகற்காய்ப் பொரியலை விரும்பிச் சாப்பிடுபவர் என்றால் தைரியமாகச் சொல்லலாம். மூன்று, நீள வகை: உயரமான கிளாஸில் சோடா, டானிக் அல்லது ஷாம்பெயின் ஊற்றி நீட்டியது. மெதுவாக உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டுமானால் இதுவே உத்தமம்.

பெயர் தெரியாவிட்டால் நடிக்காதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்: எந்த மது (ஜின், ரம், விஸ்கி, அல்லது தெரியாது), புளிப்பா இனிப்பா கசப்பா, லேசா காரமா. "ரம், புளிப்பாக, லேசாக" என்றால் போதும், அந்த பார்டெண்டரின் முகம் மலரும். மார்டினி கேட்டால் மட்டும் பதில் கேள்வி வரும். ஜின்னா வோட்காவா? டிரையா? அப்படியென்றால் வெர்மூத் குறைவு. ட்விஸ்டா ஆலிவா? முதலாவது எலுமிச்சைத் தோல். 'டர்ட்டி' என்றால் ஆலிவ் ஊறிய உப்புநீரையும் சேர்ப்பார்கள். ஊறுகாய்த் தண்ணீரை ரகசியமாகக் குடித்தவர்களுக்கு ஏற்றது.

சைவம் சாப்பிடுபவர்கள் இரண்டு இடத்தில் கவனம். சவர் வகைகளில் மேலே நிற்கும் வெள்ளை நுரை பெரும்பாலும் முட்டையின் வெள்ளைக்கரு. தக்காளிச் சாறு சேர்த்த பிளடி மேரியில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் உண்டு. முதலிலேயே சொன்னால் மாற்றித் தருவார்கள்.

சில பார்களின் மெனுவில் கடைசிப் பக்கங்களில் 'வின்டேஜ்' என்று பழைய புட்டிகளில் கலந்த காக்டெயில்கள் இருக்கும். அங்கே விலை நூற்றுக்கணக்கில் போகும். விலை பார்க்காமல் எதையும் பேர் சொல்லிக் கேட்காதீர்கள். கெத்துக் காட்ட ஒரு விஸ்கியின் பெயரை வாயால் மட்டும் சொல்லி, ஒரு பெக்குக்கு 48 பவுண்ட் அழுத அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒருவர் குடிக்காதவர் என்றால்

நம்மவர்களில் இது சகஜம். "நீங்க குடிங்க, எனக்கு ஜூஸ் போதும்" என்றால் வற்புறுத்த வேண்டாம். "ஒரே ஒரு சிப்" என்பதும் வற்புறுத்தல்தான். இந்த மாதிரி பார்களில் மதுவில்லாத காக்டெயிலும் கிடைக்கும். அதே கிளாஸ், அதே அலங்காரம், விலையும் அப்படியொன்றும் குறையாது. துளிகூட வேண்டாம் என்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் வாசனைக்குச் சேர்க்கும் பிட்டர்ஸ் சொட்டுகளிலேயே மது இருக்கிறது. உங்கள் துணை குடிக்கவில்லை என்றால் நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது அழகு.

முதல் கிளாஸ் வந்த பிறகு

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கை சூடு ஏறாது. சியர்ஸ் சொல்லும்போது டங்கென்று இடிக்க வேண்டாம்; அந்தக் கிளாஸ்கள் அப்பளம் மாதிரி. படம் ஒன்றிரண்டு எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது, பக்கத்து மேசை ஃபிரேமில் விழக் கூடாது. தண்ணீர் தாராளமாகக் கேளுங்கள். மது விற்கும் இடத்தில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்று கேட்டால் "டேப் வாட்டர்" என்று கூசாமல் சொல்லலாம்.

டேட்டிங் செயலியில் அறிமுகமாகி முதல்முறை சந்திப்பவர்களுக்கு ஒரு தகவல். சங்கடமாகவோ பயமாகவோ இருந்தால் பணியாளரிடம் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்பது இங்கே பல பார்களில் தெரிந்த சங்கேதம். விஷயம் புரிந்து, சத்தமில்லாமல் டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள். பெரிய ஹோட்டல்களில் ஆள் நடமாட்டமும் பணியாளர்களும் எப்போதும் இருப்பதால், தெரியாத ஒருவரைச் சந்திக்க இவை ஓரளவு நல்ல இடங்களும்கூட. கிளாஸில் யாரும் எதையும் கலந்துவிடாமல் இருக்க, கழிப்பறைக்குப் போனால் அதை முடித்துவிட்டுப் போங்கள்.

பில்

ஆளுக்கு ஒன்று, தலா 25 பவுண்ட் என்று வையுங்கள்: 50. அதோடு 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 56 பவுண்ட் 25 பென்ஸ். சில ஹோட்டல்களில் 15 சதவீதமும் போடுவார்கள். பில்லில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் இரண்டையும் கொடுத்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், நல்ல கவனிப்பு என்றால் எடுக்கச் சொல்ல வேண்டாம். யார் கொடுப்பது? கூப்பிட்டவர். எதிராளி பங்கு போட வந்தால் ஒருமுறை மறுக்கலாம், இரண்டாம் முறையும் கேட்டால் விட்டுவிடுங்கள். பில்லைத் தூக்கிக்கொண்டு இழுபறி நடத்துவது நம்மூர் ஹோட்டல் கல்லா முன்னால் சரி, இங்கே வேண்டாம்.

இரண்டாவது ரவுண்டு கேட்கலாமா என்று யோசிக்கும்போதே எழுந்துவிடுங்கள். பசித்தால் உணவகங்கள் நிறைந்த சோஹோ நடக்கும் தூரம்தான்.

திரும்பும் வழி

வண்டி எடுத்து வராதீர்கள். ரயில்தான். இரவு முழுக்க ஓடும் நைட் டியூப் என்ற சுரங்க ரயில் வெள்ளி, சனி இரண்டு இரவும் மட்டும். அதுவும் எல்லா லைனிலும் இல்லை. டூட்டிங்காரர்களுக்கு நார்தர்ன் லைன், வெம்பிளிக்கு ஜூபிலி, இரண்டும் உண்டு. இல்ஃபோர்டு பக்கம் போகிறவர்கள் சென்ட்ரல் லைனில் கேண்ட்ஸ் ஹில் வரை வந்துவிடலாம். ஈஸ்ட் ஹாம்காரர்களுக்குத்தான் கஷ்டம். டிஸ்ட்ரிக்ட் லைனில் நைட் டியூப் கிடையாது; நள்ளிரவை ஒட்டி வரும் கடைசி ரயிலைப் பிடிக்காவிட்டால் இரவுப் பேருந்தின் மாடியில் தலை ஆட ஆட ஒரு மணி நேரம். ஐந்தரைக்கு உள்ளே போகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஏழரைக்கு எம்பாங்க்மென்டில் ஏறினால் எட்டரைக்குள் ஈஸ்ட் ஹாம், தோசைக்கடை திறந்தே இருக்கும்.